லோகநாயகி கட்டிய பட்டன்கள்

மேட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் எல்லப்பன் மகள் லோகநாயகிக்குக் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி கேட்டால், இறால் வரத்து எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவளே ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"பட்டனுக்கு வேல குடுக்குற வேல."

சிரிப்பார்கள். பட்டனை அமுக்கினால் தானாக வேலை நடந்துவிட்டுப் போகிறது, அதற்கு ஒரு பெண்ணை உட்கார வைத்துச் சம்பளம் வேறா? தானாக நடக்காது என்பதுதான் விஷயம். திரையில் தெரியும் பட்டன் வெறும் படம். அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தது எல்லாம் திரைக்குப் பின்னால், கண்ணில் படாமல் இருக்கும் இன்னொரு பகுதிக்கு. அந்தத் தொழிலில் அதை வியூ மாடல் என்பார்கள். செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் அங்கே ஒரு கட்டளையாக எழுதப்பட்டிருக்கும். பட்டனைக் கொண்டுபோய் அதற்குரிய கட்டளையோடு கட்ட வேண்டும். கட்டளைக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அமுக்கினால் என்ன செய்வது, இந்த நேரத்தில் அமுக்க விடலாமா கூடாதா. கூடாது என்றால் பட்டன் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு எத்தனை முறை குத்தினாலும் அசையாது. இந்த முடிச்சைப் போடுவதில் பொன்னேரியில் லோகநாயகியை மிஞ்ச ஆள் கிடையாது. சொன்னது அவளுடைய முதலாளி என்றால் சந்தேகப்படலாம். சொன்னவன் அவளோடு தினம் சண்டை போடுகிற, பக்கத்து நாற்காலி ஜான்சன்.

பழவேற்காட்டிலிருந்து காலை ஆறே முக்கால் பொன்னேரி பஸ்ஸில் ஏறி, மீன் கூடைகளுக்கு நடுவே காலை ஒடுக்கிக்கொண்டு, திருப்பாலைவனம் தாண்டிய பிறகு உட்கார இடம் பிடித்து, இப்படித்தான் அவள் காலேஜும் படித்தாள், இப்போது வேலைக்கும் போகிறாள். ஆபீஸில் சேர்ந்த புதிதில் ஒருத்தி அவளைக் கண்டதும் மூக்கைப் பொத்தினாள். மறுநாள் லோகநாயகி தன் அம்மா வைத்த நண்டுக் குழம்பை ஒரு தூக்கு நிறையக் கொண்டுபோய் எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். மூக்கைப் பொத்தியவள் மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டாள். அதன்பிறகு அந்த ஆபீஸில் மீன் வாசனையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அங்கே ஜான்சன் திரைகளை வரைவான். லோகநாயகி அவற்றைப் பின்னாலிருக்கும் மாடலோடு கட்டுவாள். முதல் வருஷம் ஒரு நெல் மில்லுக்கு லாரி வரிசை காட்டும் சாஃப்ட்வேர் செய்தார்கள். ஒவ்வொரு லாரியின் எண்ணுக்கும் பக்கத்தில் 'உள்ளே அனுப்பு' என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. மூன்று நாள் தேடினாள். மூன்றாம் நாள் மாலை பஸ்ஸில், சோழவரத்துக் கூடைக்காரியும் கண்டக்டரும் போட்ட சண்டையைக் காதில் வாங்காமல் யோசித்துக்கொண்டு வந்தவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. வரிசைக்குள் வைத்த பட்டன், தன் கட்டளையைத் தன் வரிசைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. அங்கே லாரி எண்ணும் டிரைவர் பெயரும்தான் இருந்தன. கட்டளையோ முழுத் திரைக்கும் பொதுவான மாடலில், மேலே இருந்தது. தேடிக் கிடைக்காவிட்டால் பட்டன் சத்தம் போடாது, வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடும். 'மேலே போய்க் கேள்' என்று ஒரு வரி எழுதினாள். அறுபது லாரிக்கும் பட்டன் வேலை செய்தது. அன்று முதல் ஆபீஸில் அவள் பெயர் பட்டன் லோகா. கேலிக்கு வைத்த பெயர்தான், அவளுக்கு அது பிடித்திருந்தது.

இந்தப் பட்டன் வேலை குப்பத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு புயலால்.

மேட்டுக்குப்பத்துக்குப் பழவேற்காடு ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், முகத்துவாரத்துக்கு உள்பக்கம், ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் வாக்கில். அங்கே கழி நட்டு வலை கட்ட ஒரு நாளைக்கு ஒரு கூட்டத்துக்குத்தான் இடம். ஊரில் நாற்பத்திரண்டு தலைக்கட்டு. அதனால் முறை வைத்துப் போவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு, நாளை என் பாடு. மாலை விளக்கு வைப்பதற்குள் பாடு உள்ளவர் போகாவிட்டால் அவருடைய முறை போய்விடும், அடுத்த பெயருக்கு உரியதாகிவிடும். யாருக்குப் பின் யார் என்பது ஒரு நீள நோட்டில் இருந்தது. பெரிய குற்றம் செய்தவனை ஊர் தள்ளிவைத்தால், அந்த நோட்டில் அவன் பெயரை அழிப்பார்கள். அடி உதையைத் தாங்கிக்கொள்கிற ஆம்பிளைகள்கூடப் பெயர் அழிவதை நினைத்தால் நடுங்குவார்கள்.

அந்த நோட்டைப் புயல் வெள்ளம் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டது. மிச்சமிருந்த பக்கங்களை வைத்துக்கொண்டு இன்றைய பாடு தன்னுடையது என்று நாகப்பன் சொன்னார், தன்னுடையது என்று எல்லப்பன் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நாளில் வலையோடு போனார்கள். ஏரிக்குள் கழியால் அடித்துக்கொண்டதில் எல்லப்பனுக்குத் தோள் இறங்கிப்போனது, நாகப்பனுக்கு நெற்றியில் ஏழு தையல். ஊர் இரண்டாக நின்றது. இரண்டு மாதம் அந்த இடத்தில் யாருமே வலை கட்டவில்லை.

ஊர்த் தலைவர் மாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எம்மா லோகா, சொசைட்டி ரூம்ல ஒரு கம்ப்யூட்டரு சும்மா தூங்கிகினு கீது. அதுல இந்தப் பாடு முறைய ஏத்த முடியுமா? தண்ணி பூந்தாலும் அழியக் கூடாது, எவனும் கைய வெச்சித் திருத்தக் கூடாது."

"முடியும் தலைவரே," என்று சொல்லிவிட்டாள்.

ஊர்க் கூட்டத்தில் நாகப்பன் எழுந்து பேசினார். "எல்லப்பன் பொண்ணு எழுதட்டும், வேணாங்கல. ஆனா ஒண்ணு. தை மாசம் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள ஒரே ஒரு தபா தப்பு வந்தாலும் நோட்டுக்கே போயிடுவோம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஊரு விசயத்துல தலையிடக் கூடாது."

ஊர் ஒப்புக்கொண்டது. நோட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மறுபடி அதே நோட்டுச் சண்டை, இரண்டு கட்சி, மறுபடி ஏரிக்குள் கழியடி. இந்த முறை தையலோடு நிற்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் லோகநாயகி வேறு வேலை பார்க்கவில்லை. திரையை மட்டும் ஜான்சனிடம் வரையச் சொன்னாள். நாற்பத்திரண்டு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டன். யாருக்குப் பின் யார் என்பதை ஊர்க் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கிப் புதிதாக எடுத்தார்கள். பாடு உள்ளவர் மாலையில் வந்து, நாலு பேர் பார்க்கத் தன் பெயரை அமுக்கிவிட்டுப் படகேற வேண்டும். காலையில் திரும்பி வந்து வலை தூக்கியாயிற்று என்று இன்னொன்றை அமுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த பெயர் சாம்பலிலிருந்து பச்சையாகும். ஆறு தடவை மாரியிடம் போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். முறை மாற்றிக்கொண்டால்? வீட்டில் குழந்தை பிறந்த தீட்டு இருந்தால்? படகு ஓட்டையானால்? ஒவ்வொன்றுக்கும் 'அமுக்கலாமா, கூடாதா' என்ற கேள்விக்குள் ஒரு வரி சேர்ந்தது.

ஊரில் சாவு விழுந்தால்? அதற்கும் எழுதினாள். சாவு விழுந்த நேரம் முதல் எடுத்து முடிக்கும் வரை எந்த வலையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. யாருடைய பாடும் அதனால் கெடாது, அப்படியே நிற்கும். தலைவருக்கென்று தனியாக 'ஊர் நிறுத்தம்' என்று ஒரு பட்டன் வைத்தாள். அமுக்கினால் நாற்பத்திரண்டு பெயரும் சாம்பலாகும். காரியம் முடிந்ததும் பக்கத்திலுள்ள 'நிறுத்தம் நீங்கியது' என்ற பட்டனை அமுக்க வேண்டும்.

ஆபீஸில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான்சன், "இன்னா ஆகுது பாக்கலாம்," என்று நிறுத்தப் பட்டனை நோக்கி மவுஸை நகர்த்தினான். லோகநாயகி அவன் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"சும்மா இருக்குற ஊருல எதுக்கு சாவு போடுற? கைய எடு!"

"அடிப்பாவி, இது கம்ப்யூட்டரு!"

"கம்ப்யூட்டர்ல இருக்குறது எங்க ஊரு பேருங்க."

நெல் மில், ஆஸ்பத்திரி, எடை மேடை என்று எதற்குச் செய்தாலும் ஒவ்வொரு பட்டனையும் நூறு தடவை அமுக்கிப் பார்க்கிறவள் அவள். இதிலும் எல்லாவற்றையும் நூறு தடவை அமுக்கினாள், அந்த இரண்டைத் தவிர.

கார்த்திகை முதல் தேதி ஆரம்பித்தார்கள். முதல் வாரம் ஊரே சொசைட்டி ரூமில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்கு ஒரே நாற்காலி. தலைவரும் பெரிய மனிதர்களும் பாயில் உட்கார, எல்லப்பன் மகள் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். பெயர் சாம்பலாகத் தெரிவது முதலில் பலருக்குப் பிடிக்கவில்லை. அழிச்ச மாதிரியே கீது என்றார்கள். அழியவில்லை, முறை வரும்வரை தூங்குகிறது என்று விளக்கினாள். பெயர் பச்சையாகும் காலை வேளையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கின. ஐந்து வாரம் ஒரு பாடு பிசகவில்லை. லோகநாயகி பஸ்ஸில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கொஞ்சம் திமிரும் வந்தது. வந்தால் என்ன, அவளுக்கு அது தகும்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நாகப்பன் பெயர் பச்சையானது. இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் வலையைச் சரிசெய்து படகில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மூன்று மணிக்கு ஊர்க்கோடியில் ஒரு கிழவர் காலமானார். பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவுதான் என்றாலும் சாவு சாவுதான். மாரி சொசைட்டி ரூமுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தப் பட்டனை அமுக்கினார். நாற்பத்திரண்டு பெயரும் சாம்பலாயின. சனிக்கிழமை மாலை எடுத்துப்போய்க் கொளுத்திவிட்டு, எல்லாரும் ஏரியில் முழுகி வீட்டுக்குப் போனார்கள். விளக்கு வைத்த பிறகு மாரி ஈரத் துண்டோடு வந்து 'நிறுத்தம் நீங்கியது' பட்டனை அமுக்கிவிட்டு, திரையைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கம்ப்யூட்டரை அணைக்க அவருக்கு எப்போதுமே பயம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு நாகப்பன் நாலு ஆட்களோடு வந்தார். பெயர் சாம்பலாக இருந்தது. அமுக்கினார். அசையவில்லை. மறுபடி அமுக்கினார்.

லோகநாயகி வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட ஓடிவந்தவர்கள் சொன்ன தினுசிலேயே அவளுக்குப் பாதி உயிர் போனது. அப்படியே எழுந்து ஓடினாள். எல்லப்பனும் பின்னால் ஓடினார். ரூமுக்குள் நிற்க இடமில்லை.

"வாம்மா, வா," என்றார் நாகப்பன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. "எம் பேரு செத்துக் கெடக்குது. எனக்கு அடுத்த பேரு யாருது? உன் நைனா பேரு. விளக்கு வெச்சா எம் பாடு அவருக்குப் போயிடும். இதுக்குத்தான் இத்தன நாளு நாற்காலி போட்டுக் குந்துனியா?"

"மாமா, அப்பிடி இல்ல..."

"அப்போ இன்னான்னு சொல்லு! அஞ்சு வாரமா யாருக்கும் ஆவாதது எனக்கு மட்டும் ஏன் ஆவுது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "நோட்ட எடுங்கப்பா," என்றது. இன்னொரு குரல் எல்லப்பனைப் பெயர் சொல்லித் திட்டியது. எல்லப்பன் ஆட்கள் பதிலுக்கு முண்டினார்கள். மாரி இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றார். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. விளக்கு வைக்க முக்கால் மணி நேரம் இருக்கலாம்.

லோகநாயகி நாற்காலியில் உட்கார்ந்தாள். முறை நாகப்பனுடையதுதான், மாடலில் சரியாகவே இருந்தது. நிறுத்தமும் நீங்கியிருந்தது. அமுக்கலாமா என்று கேட்டால் கட்டளை 'அமுக்கலாம்' என்றுதான் பதில் சொல்லும். பின் ஏன் பட்டன் சாம்பலாக இருக்கிறது? தன் லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதியதை மேலிருந்து கீழே படித்தாள். பாடு மாறும்போது பட்டன்களுக்குச் சேதி போகிறது: 'நிலைமை மாறிவிட்டது, மறுபடி கேட்டுப் பார்.' வலை தூக்கும்போது போகிறது. நிறுத்தம் விழும்போது போகிறது. நிறுத்தம் நீங்கும்போது அந்தச் சேதி இல்லை. பட்டன் பாவம், தானாகப் போய்க் கேட்காது. யாராவது சொன்னால்தான் கேட்கும். வெள்ளிக்கிழமை கூடாது என்று சொன்னார்கள், அதையே பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை உட்கார்ந்திருந்தது.

ஏன் எழுதாமல் விட்டாள் என்பதும் அந்த நொடியே அவளுக்குப் புரிந்தது. மேட்டுக்குப்பத்தில் சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். முடிந்தது என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், செத்தவரை எப்போதடா அனுப்புவோம் என்று காத்திருந்த மாதிரி ஆகிவிடும். முழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குள் போவதைப் பார்த்து அவரவர் தெரிந்துகொள்வார்கள். பிறந்தது முதல் அப்படியே பார்த்து வளர்ந்தவள், அப்படியே எழுதிவிட்டாள். வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. அவன் அந்தப் பட்டனை அமுக்கியும் பார்த்திருப்பான்.

எல்லப்பன் குனிந்து காதோடு கேட்டார். "சரி பண்ண முடியுமாம்மா?"

"மூடித் தொறந்தாலே போதும் நைனா. தொறக்கும்போது அதுவா புதுசா கேட்டுக்கும். பச்சையாயிடும்."

"அப்போ மூடித் தொறந்துட்டு கம்முனு இரும்மா. கரண்டு கோளாறுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் அவளுக்காகத்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரியும். அப்படிப் பொய் சொல்லிவிட்டால் பாடும் தப்பிக்கும், பேரும் தப்பிக்கும், தை வரை ஓட்டிவிடலாம். ஆனால் இன்னொரு சாவு விழும். அன்றைக்கு வேறொருவர் பெயர் சாம்பலாக நிற்கும். அதைவிட, நாகப்பன் மாமா வாழ்நாள் முழுக்க உள்ளே ஏதோ விளையாடினார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். தன் கையால் போட்ட முடிச்சுக்குத் திருட்டுப் பட்டம் வருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எழுந்து நின்றாள்.

"தலைவரே, மாமா, எல்லாரும் கேளுங்க. தப்பு கம்ப்யூட்டர் மேல இல்ல, கரண்டு மேல இல்ல. நான் பண்ண தப்பு."

லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"சாவு விழுந்துச்சுன்னு பட்டனுக்குச் சொல்லி எழுதினேன். முடிஞ்சிடுச்சுன்னு சொல்லி எழுதல. நம்ம ஊருல அத யாரும் சொல்றதில்ல இல்ல? அதே பழக்கத்துல வுட்டுட்டேன். நாம முழுகிட்டு வந்தாத் தெரிஞ்சிக்குவோம். கம்ப்யூட்டரு சுடுகாட்டுக்கும் வராது, ஏரியில முழுகவும் முழுகாது. அதுக்கு வாய்விட்டுச் சொன்னாத்தான் தெரியும். எம் பேருல ஊரு இன்னா முடிவு எடுத்தாலும் எடுக்கட்டும். இப்போ உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் திருத்துறேன்."

ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான், ஒரே வரி. நிறுத்தம் நீங்கினால் நாற்பத்திரண்டு பட்டனுக்கும் சேதி போக வேண்டும். பென் டிரைவில் ஏற்றிப் பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தாள். நாகப்பன் பெயர் பச்சையாகத் தெரிந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"வந்துடுச்சு, வுடு," என்று நாகப்பன் கையை நீட்டினார். "தண்ணி இழுக்கப் போவுது."

"இருங்க மாமா. இது மூடித் தொறந்ததுல வந்தது. பழசா இருந்தாலும் இப்பிடி வந்திருக்கும். நான் திருத்துனது சரியான்னு இன்னும் தெரியாது. நிறுத்தத்த ஒரு தபா அமுக்கி, எடுத்துப் பாக்கணும்."

மாரி பின்னால் நகர்ந்தார். "சாவு இல்லாத நேரத்துலயா? இன்னா பேச்சும்மா இது?"

"அமுக்காம வுட்டதாலதான் தலைவரே இவ்ளோ பேஜாரு. நானும் பயந்துதான் வுட்டேன். இப்போ நானே அமுக்குறேன்."

வாசலில் நின்ற அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். லோகநாயகி மவுஸைப் பிடித்தாள். அம்பு அந்தப் பட்டனுக்கு மேலே போய் நின்றது. அப்போது அவள் கைமேல் ஒரு கனத்த கை வந்து விழுந்தது. உப்பில் ஊறி வெடித்த கை.

"கைய எடு," என்றார் நாகப்பன். "கண்ணாலம் ஆவாத பொண்ணு. எதுனா ஆச்சுன்னா உன் நைனாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. சாம்பலாவப் போறது எம் பேரு. நானே அமுக்குறேன்."

அமுக்கினார். நாற்பத்திரண்டு பெயரும் சாம்பலாயின. அவர் பெயரும்தான். அழிந்த மாதிரியே இருந்த அதை அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். லோகநாயகி காட்டிய இடத்தில் மறுபடி அமுக்கினார், 'நிறுத்தம் நீங்கியது.' கண் மூடித் திறப்பதற்குள் நாகப்பன் பெயர் மட்டும் பச்சையாகி எழுந்தது. யாரும் எதையும் மூடவில்லை, திறக்கவில்லை.

அவர் தன் பெயரை அமுக்கினார். பாடு எடுத்தாயிற்று என்று நேரத்தோடு திரையில் விழுந்தது. ஆட்கள் படகுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் வாசலில் நின்று திரும்பினார்.

"மாரி, தை மாசம் இதுக்குன்னு கூட்டம் போடாத. வேலையத்த வேல."

"நீதானப்பா சொன்ன, ஒரு தப்பு வந்தாலும் நோட்டுக்குப் போவணும்னு?"

"சொன்னேன். நோட்டு தப்பாப் போனப்போ நானும் எல்லப்பனும் மண்டைய ஒடச்சிகினோம். எந்தத் தப்பு யாருதுன்னு இன்னி வரைக்கும் தெரியாது. இந்தப் பொண்ணு மூடித் தொறந்துட்டு கம்முனு இருந்திருந்தா எனக்கு இன்னா தெரியும்? எழுந்து நின்னு நான் பண்ண தப்புன்னுச்சு. அவ நைனாவுக்கு வர வேண்டிய பாட்ட எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. நோட்டு வேணாம். இந்தப் பொண்ணு எழுதுனதே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நிற்காமல் கரைக்குப் போனார். இறங்கிப்போன தோளைத் தடவிக்கொண்டே எல்லப்பன் பின்னால் போய், அவருடைய படகைத் தண்ணீருக்குத் தள்ள ஒரு கை கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே மூச்சில் தள்ளினார்கள்.

லோகநாயகி சன்னல் வழியாக அதைப் பார்த்தாள். எண்ணெய்த் தலையும் அழுக்கு நைட்டியுமாக, ஊர் நடுவே, ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். தான் செய்த வேலையை நினைத்து வாழ்க்கையில் அவ்வளவு பெருமை அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. படகு முகத்துவாரத்துப் பக்கம் திரும்பியபோது ஊரில் விளக்கு வைத்தார்கள்.